மண்டபத்தைச் சுற்றிவர ஒரு பாட்டு

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் எனக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லையென்று செட்டிபாளையத்தில் பலர் நம்பினார்கள். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதம் என்ன சொல்கிறது, எல்லாவற்றுக்கும் எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். கலியாண வீட்டு நடனத்துக்குப் பாட்டுத் தெரிந்தெடுத்துக் கொடு என்று கேட்டு வந்தவன் மட்டும் ஒரே ஒருவன்.

அவன் என்னோடு படித்தவன். நாவற்குடாவில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பொடியன். சண்டையால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் மூடிக் கிடந்த காலம் அது. படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. அப்பாவோடு தோணியில் போய் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து அவன் சொன்னான்:

"அக்காவுக்குக் கலியாணம் மச்சான். வீட்ட ஒரு பெட்டி நிறையக் கசற் இரிக்கு. எல்லாம் பெரிய பாண்ட் வாசிக்கிற சுவிங் பாட்டு. எதுக்கு ஆட ஏலும், எதுக்கு ஏலாதெண்டு நீதான் கேட்டுச் சொல்லணும்."

"நானா? எனக்கு ஆடவே தெரியாதேடா."

"அதுதான் நல்லம். ஆடத் தெரிஞ்ச எங்கட ஆக்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் சண்ட பிடிக்காங்க. நீ படிச்சவன். நீ சொன்னாக் கேப்பாங்க."

அம்மா பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "இதுக்கா மனே உன்னப் படிக்க வெச்ச?" என்றார். பிறகு அவரே, "கலியாணக் காரியம். மாட்டனெண்டு சொல்லாம போயிட்டு வா," என்று அனுப்பினார்.

*

நண்பனுடைய அப்பாவை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சு வேலை செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் வேலைசெய்த இடத்துக்குப் பக்கத்தில் பீரங்கிச் செல் விழுந்து, இடது முழங்காலுக்குள் ஒரு துண்டு போய்விட்டது. கால் மிஞ்சியது, ஆனால் மடிக்க முடியாது. நடக்கும்போது அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி, காற்றில் ஒரு வளையம் போட்டு, முன்னால் கொண்டுவந்து வைப்பார். வைத்த பிறகுதான் மற்றக் கால் நகரும்.

அந்தக் குடும்பத்துக் கலியாணங்களில் முதல் ஆட்டம் அப்பாவுக்கும் மணமகளுக்கும் உரியது. மண்டபத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்து, தொடங்கிய இடத்தில் மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். பாதியில் நிற்கக் கூடாது. அப்பாவுக்கு இயலாவிட்டால் தாய்மாமன் அந்தச் சுற்றை எடுப்பார். தாய்மாமனும் இருந்தார். நல்ல மனிதர். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சப்பாத்தை மினுக்கி வைத்துவிட்டார்.

"டடா சுத்தாட்டி ஆட்டமே வேணாம். கேக் வெட்டிட்டு எல்லாரும் வீட்ட போவம்," என்று அக்கா சொல்லிவிட்டா. கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவ அவ. திரும்பி வருவாவா, இவர்கள் அங்கே போவார்களா என்பதெல்லாம் அந்த நாட்களில் யாரும் கேட்காத கேள்விகள். அந்த ஒரு சுற்றுத்தான் அங்கிளுக்குக் கிடைக்கப்போவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரோ என்னைக் கண்டதும், "பாட்டு மாஸ்டர் வந்திட்டார், கதிரை குடுங்க," என்றார்.

பெட்டியைத் திறந்தார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பதிவுசெய்து அனுப்பிய கசற்றுகள். ஆங்கிலம் வாசிப்பேன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் உறைகளில் வாசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் மட்டும் போட்டிருந்தது.

மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். ஆமிச் சோதனைச் சாவடியில் டோர்ச்சைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு விடுவார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு, நான்கு பழைய பற்றறிகள் வீட்டு ஆட்களைப் போலவே பேணப்பட்டன. காலையில் மதிலில் வரிசையாக வெயில் காயும். மத்தியானம் திருப்பிப் போட வேண்டும். அப்படியும் உயிர் வராவிட்டால் பல்லால் ஒரு கடி. கடித்தால் கொஞ்சம் வேலைசெய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அங்கிள் வீட்டுக் கசற் செற்றுக்கு இப்படியான பற்றறி ஆறு வேண்டும். செற்றில் கசற்றைப் பின்னுக்கு ஓட்டினால் அது பற்றறியைத் தின்றுவிடும் என்று பேனையைப் பல்லுச் சக்கரத்துக்குள் விட்டு நான் கையால் சுற்றுவேன்.

சோறு தின்ற பிறகு, ஊரடங்குக்கு முந்திய அந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் செருகும். யன்னலால் வாவி தெரியும். வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் வந்து நெளியும். நான் செற்றை அழுத்துவேன். சக்ஸபோன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடும். அந்த மூச்சு மெல்ல அறை முழுவதும் நிரம்பி, யன்னலால் வெளியே போய், தண்ணீரின் மேல் படுத்துக்கொள்ளும். பிறகு ட்ரம்பெட்டுகள் எழும்பி அதை எழுப்பிக்கொண்டு வரும். பதினைந்து, இருபது பேர் எங்கேயோ ஒரு நாட்டில், எங்கள் அப்பாமார் பிறந்த காலத்தில், ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக மூச்சு விட்டிருக்கிறார்கள். அதை நாங்கள் நாவற்குடாவில் கேட்டுக்கொண்டிருந்தோம். மேலே ஹெலி போனால் செற்றை நிறுத்தி வைப்போம். பயத்தால் அல்ல. பாட்டுக் கேட்காமல் பற்றறி வீணாகிறதே என்றுதான்.

ஒரு சோதனைக்குப் படிப்பது போலத்தான் இதை நான் செய்தேன். கேட்க நல்ல பாட்டும் ஆட நல்ல பாட்டும் ஒன்றல்ல என்பது முதல் இரண்டு நாளில் விளங்கியது. நண்பனையும் அக்காவையும் ஆடச் சொல்லிவிட்டு, பாட்டைக் கேட்காமல் அவர்களுடைய கால்களைப் பார்ப்பேன். கிளாரினெட்காரர் தனியே எங்கோ பறந்து போகும் பாட்டில் கால்கள் அநாதையாக நிற்கும். தொடக்கத்தில் சுற்றி வளைக்கும் பாட்டில் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருப்பார்கள். அடியில் பெரிய தந்தி வாத்தியம் ஒரே நடையாக நடந்து போக, மேலே மற்றவர்கள் கதைபேசிக்கொண்டு கூடவே வரும் பாட்டுகள்தான் ஆட நல்லவை. தோணியில் கம்பு ஊன்றும்போது அப்பாவுக்கு ஒரு நடை இருக்கும். பேசினாலும் இருமினாலும் அது மாறாது. அந்த நடையைத் தேடினேன்.

திடீரென்று முரசு வெடிக்கும் பாட்டுகளை முழுக்க விலக்கினேன். அப்படியொன்றைப் போட்டபோது அன்ரி, அதாவது அங்கிளின் மனைவி, தேத்தண்ணிக் கோப்பையோடு மேசைக்குக் கீழே போய்விட்டார். வெளியே வந்து, "கலியாணத்தில எல்லாரும் மேசைக்குக் கீழ கிடந்தா, போட்டோக்கு நல்லாத்தான் இரிக்கும்," என்றார். வேகமான பாட்டுகளைக் கடைசியில் வைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சாவடிக்குப் போனால் எங்கேயிருந்து ஓடி வருகிறாய் என்று கேட்பார்கள்.

அங்கிளுக்கான பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எழும்புவார். கால் வெளியே போய் வளையம் போட்டுத் திரும்புவதற்குள் பாட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். "பரவாயில்ல, அடுத்ததப் போடு மனே," என்பார். வியர்வையைத் துடைப்பார். அக்கா அவரைப் பார்க்காமல் யன்னலைப் பார்ப்பா.

கடைசியில் ஒரு கசற்றின் நடுவில் அது வந்தது. சக்ஸபோன்கள் நித்திரையில் புரள்வது போல ஒரு தொடக்கம். பிறகு ஓர் ஆண் குரல், ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்துப் பாடியது.

"ஆர் இது?" என்றான் நண்பன்.

"ஆரோ பெரிய கவலக்காரன்," என்றார் அங்கிள். "பொஞ்சாதி விட்டுட்டுப் போயிரிக்கா போல."

"போகாம என்ன செய்வா?" அன்ரி குசினிக்குள்ளிருந்து கேட்டார். "இந்த வேகத்தில பாடிக்கிட்டிருந்தா அவள் எப்ப சோறு திங்கிற?"

அங்கிள் எழும்பி மகளின் கையைப் பிடித்தார். கால் வெளியே போனது. வளையம் போட்டது. பாட்டு அவருக்காக நின்றது. கால் நிலத்தில் பட, தாளமும் பட்டது. இன்னொரு அடி. இன்னொன்று. அறையின் மூலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள்.

"அங்கிள், இதுதான்," என்றேன்.

"ஓம் மனே," என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் ஒருமுறை, பற்றறி தாங்கும் அளவுக்கு, அவர்கள் இருவரும் அந்தக் கவலைக்காரனோடு அறையைச் சுற்றினார்கள். "இவர் அந்தக் காலத்தில ஆடினதப் பாத்துத்தான் நான் ஏமாந்த. இப்ப என்ட புள்ளையையும் ஏமாத்தப் போறார்," என்பார் அன்ரி. சொல்லிவிட்டு வாசலில் நின்று கடைசி அடி வரைக்கும் பார்ப்பார்.

*

கலியாணம் பகலில்தான். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நான் செற்றை மேசையில் வைத்து, கசற்றுகளை ஒழுங்குப்படி அடுக்கி, எல்லாவற்றையும் பாட்டுத் தொடங்கும் இடத்துக்குச் சுற்றி வைத்திருந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாகக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். செங்கலடியிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு தூரமும் சைக்கிளில் வந்து, வாசலில் நின்று சப்பாத்துத் தூசியைத் தட்டினார்கள்.

அந்த நேரம் கோயில் பாதர் வந்தார். வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றை மேசையில் வைத்து அவிழ்த்தார். புத்தம் புதுப் பற்றறி ஆறு. யாரிடம் எப்படி அனுமதி வாங்கிக் கொண்டுவந்தாரோ தெரியாது.

"என்ட கலியாணப் பரிசு," என்றார். "பாட்டு நல்லாக் கேக்கட்டும்."

மண்டபமே மேசையைச் சுற்றி நின்று பார்த்தது. ஒரு பெண் ஒன்றைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தா. ஒருவர் முகர்ந்து பார்த்தார். நான் பழையவற்றை எடுத்துவிட்டு, சந்தனம் தொடுவது போலப் புதியவற்றை உள்ளே வைத்தேன். பழையவை அன்றோடு முடிந்தன என்று நண்பன் அவற்றை யன்னலால் வாவிக்குள் எறிந்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அங்கிள் மகளைக் கூட்டிக்கொண்டு நடு மண்டபத்துக்கு வந்தார். கறுப்புக் கோட், வெள்ளைப் பூ. எனக்குத் தலையாட்டினார். நான் அழுத்தினேன்.

சக்ஸபோன்கள் நித்திரையில் புரளவில்லை. துள்ளி எழும்பிக் குதித்தன. தாளம் கூடை கவிழ்ந்த கோழிக்குஞ்சுகள் போல மண்டபமெங்கும் ஓடியது. பிறகு பாட்டுக்காரன் வாயைத் திறந்தான். அது ஒரு பெண். சின்ன, கலகலப்பான பெண். சிரித்துக்கொண்டே பாடினாள்.

"கவலக்காரன் எங்க?" என்றார் அன்ரி உரத்து.

யாருக்கும் விளங்கவில்லை. அங்கிள் காலை வீசினார். வளையத்தின் நடுவிலேயே தாளம் இரண்டு தரம் கடந்துபோய்விட்டது. அவசரப்பட்டுக் காலை வைத்தார். இன்னொரு அடி எடுத்தார். உடம்பு ஒரு பக்கம் சாய, அக்கா அவரைத் தாங்கிப் பிடித்தா. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். நான் செற்றை நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் சிரிப்புப் பாதியில் அறுந்தது.

தாய்மாமன் இரண்டு அடி முன்னால் வந்தார். சப்பாத்து மின்னியது. மெல்லிய குரலில், "மச்சான், நான் எடுக்கட்டா?" என்றார்.

அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, போ என்பது போல மகளின் கையைத் தட்டிக் கொடுத்தார். அக்கா கையை எடுக்கவில்லை.

"வேணாம் மாமா," என்றா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் கசற்றை மெதுவாகச் சுற்றவைத்த பற்றறியின் களைப்பைத்தான் பாட்டென்று கேட்டிருந்தோம். அந்தக் குரலின் கவலை முழுவதும் மதிலில் காய்ந்த கவலை.

"பாட்டப் பிழையாத் தெரிஞ்செடுத்திட்டியே மச்சான்," என்று நண்பன் காதுக்குள் சொன்னான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"பாட்டு சரிடா. பற்றறிதான் நல்லதாப் போயிட்டு. பழசு வேணும்."

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு சப்பாத்தோடு கதிரையில் ஏறி நின்றான். "ஆரிட்டயாவது செத்த பற்றறி இரிக்கா? முழுக்கச் சாகாதது!"

"மட்டக்களப்பில அதுக்கென்ன பஞ்சம்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

சிரிப்பு எழுந்தது. டோர்ச்சுகள் திறந்தன. கைப்பைகள் திறந்தன. செங்கலடிக்காரர் ஒருவர் காற்சட்டைப் பையிலிருந்து இரண்டு எடுத்தார். "காலம வெயிலுக்கு வெச்ச. தொடைச் சூட்டில இன்னும் இரிக்கு." கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தார்கள்.

"சின்னம்மாட பற்றறிய எடுக்காத, அது போன நத்தாருக்கே செத்த," என்றார் அன்ரி.

"உன்ட மனுசனுக்கு அதுதான் பொருத்தம்!" என்றா சின்னம்மா.

நான் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றை மாற்றினேன். கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினாள். இன்னொன்று. செற் அப்படியே படுத்துவிட்டது. "கூடிட்டு, கூடிட்டு, புதுசு ஒண்டப் போடு," என்று நாலு பேர் கறிக்கு உப்புச் சொல்வது போலச் சொன்னார்கள். அங்கிள் சுவரை விட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணை மூடிக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் மனே... இல்ல, இப்ப மெத்தக் கிழவனாயிட்டான்." கடைசியில் இரண்டு புதியதும் நாலு பழையதுமாக வைத்தபோது குரல் மெல்ல இறங்கி, பெண்ணிலிருந்து பொடியனாகி, பொடியனிலிருந்து ஆளாகி, கிணற்றின் அடியில் போய் உட்கார்ந்தது.

"வந்திட்டான்!" என்று யாரோ கத்தினார்.

நான் பேனையால் கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட, அவர்கள் தொடங்கினார்கள். கால் வெளியே போனது, வளையம் போட்டது, வந்து வைத்தது. அக்காவின் வெள்ளைச் சட்டை நிலத்தைத் தொட்டுக்கொண்டு, தண்ணீரில் இழுபடும் பூப்போலப் பின்னால் வந்தது. யன்னல் வெளிச்சத்துக்குள் போய் மறைந்து, நிழலுக்குள் வெளிவந்தார்கள். பரிசுகள் வைத்த மேசைப் பக்கம் இடம் ஒடுக்கம். அங்கிளின் காலுக்கு அகலம் வேண்டும். யாரும் சொல்லாமலே கதிரைகள் பின்னால் நகர்ந்தன. இருந்தவர்கள் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். மூலையில் ஒரு கணம் அவர் தயங்கியதைக் கண்டேன். உதடு வெளுத்திருந்தது. அக்கா ஏதோ காதில் சொன்னா. அவர் சிரித்தார். அடுத்த அடியை எடுத்தார். பாட்டின் கடைசி மூச்சு இழுபட்டு அடங்கும்போது, இருவரும் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார்கள்.

மாப்பிள்ளை கையை நீட்டினார். அங்கிள் கொடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, மாட்டேன் என்றாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளின் கை அவருடைய கைக்குள்ளேயே இருந்தது.

"விடுங்க மனுசா, பொடியன் நிக்கான்," என்றார் அன்ரி.

அதற்குள் கசற்றில் அடுத்த பாட்டுத் தானாகத் தொடங்கிவிட்டது. வேகம் அதிகமென்று நான் விலக்கி வைத்த பாட்டு. பற்றறி இன்னும் களைக்க, இப்போது அதுவும் வாவி வேகத்தில் வந்தது. நிறுத்தப் போனேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினார். நீட்டிய கையை அன்ரியின் பக்கம் திருப்பி, "அப்ப நீங்க வாங்க மாமி," என்றார்.

அங்கிள் இரண்டாவது சுற்றைத் தொடங்கினார்.

ஒவ்வொரு சோடியாக எழும்பினார்கள். நான் அடுக்கி வைத்த ஒழுங்கு ஒன்றும் தேவைப்படவில்லை. துள்ளல் பாட்டும் தூங்கல் பாட்டும் எல்லாம் ஒரே நடையில், அங்கிளின் காலுக்கு ஏற்ற நடையில் வந்தன. நாற்பது பேர் கனவுக்குள் நடப்பவர்கள் போல ஆடினார்கள். புதியதைப் போடுவோமா என்று தாய்மாமன் ஒருமுறை கேட்டார். அவருக்கு அந்தச் சப்பாத்தோடு துள்ள ஆசை. அக்கா வேண்டாமென்றா.

ஊரடங்குக்கு முன் எல்லோரும் வெளிக்கிட்டபோது, செற்றைத் திறந்து அவரவர் பற்றறியைக் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. "இது என்ட, பல்லடையாளம் இரிக்கு," என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

மண்டபம் வெறுமையான பிறகு அங்கிள் வாசற்படியில் உட்கார்ந்து, காலை இரண்டு கைகளாலும் தூக்கி நேராக வைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இளந்தாரிக் காலத்தில இந்தப் பாட்டெல்லாம் ஆடினவன் நான்," என்றார். "இவ்வளவு ஆறுதலாப் போகாதெண்டு எனக்குத் தெரியாதா மனே? முதல் நாளே தெரியும். ஆனா, காலுக்குப் பிடிச்சதக் காதும் சரியெண்டிட்டுது."

நான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன்.

"உண்மையிலயே அவ்வளவு வேகமாவா வாசிச்சிரிக்காங்க?"

"ஓம் அங்கிள்."

"அப்ப அந்த பாண்ட்காரர் பிழையா வாசிச்சிட்டாங்க," என்றார்.

பாதையிலிருந்து அக்கா கூப்பிட்டா. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கை குடுக்கட்டா அங்கிள்?" என்றேன். "வேணாம். அவள் பாத்துக்கிட்டு நிக்காள்," என்று கதவு நிலையைப் பிடித்து எழும்பினார். அக்காவும் மாப்பிள்ளையும் அன்ரியும் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் ஏறவில்லை. அவர் வந்து சேரும் வரைக்கும் நின்று, பிறகு எல்லோருமாகச் சாவடிப் பக்கம் நடந்தார்கள்.